சாவேஸ், டெய்லர், கடைசி இரண்டு வினாடி: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை இரவு

குழு: பெரம்பூர் வீடு

விக்னேஷ்: சேகர் மாமா, இருக்கீங்களா? ஹூலியோ செசார் சாவேஸ் – மெல்ட்ரிக் டெய்லர் குத்துச்சண்டை இப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். கடைசி ரவுண்டில் இரண்டு வினாடி பாக்கி இருக்கும்போது எந்த ரெஃப்ரியாவது நிறுத்திவிட்டு சாவேஸுக்கு வெற்றி கொடுப்பாரா?

கீதா: திங்கட்கிழமை கெமிஸ்ட்ரி டெஸ்ட் என்று சொன்னவன் நீதானே?

விக்னேஷ்: படித்தாச்சும்மா

கீதா: 👀

சேகர் மாமா: வந்துவிட்டேன். 1990 மார்ச் 17, லாஸ் வேகாஸ் ஹில்டன். இன்றைக்கும் இதைப் பேசினால் இரண்டு கட்சி பிரியும்.

பிரியா: மாமா, வாய்ஸ் நோட் வேண்டாம். டைப் பண்ணுங்கள், ப்ளீஸ். போன தடவை ஏழு நிமிடம் அனுப்பினீர்கள்.

சேகர் மாமா: சரி சரி. டெய்லர் பிலடெல்ஃபியாக்காரர். 1984 ஒலிம்பிக்கில் 17 வயதில் ஃபெதர்வெயிட் எடைப் பிரிவில் தங்கம் வாங்கியவர். கை வேகம் பார்த்தாய் அல்லவா, சாவேஸ் ஒன்று போடுவதற்குள் அவர் நாலு போட்டுவிட்டு விலகிவிடுவார். 12 ரவுண்டில் 11 முடிந்தபோது, புள்ளி போடும் மூன்று நடுவர்களில் ஒருவர் 107-102, இன்னொருவர் 108-101 என்று டெய்லருக்குப் போட்டிருந்தார்கள். மூன்றாமவர் மட்டும் 105-104 என்று சாவேஸுக்கு.

விக்னேஷ்: அப்படியென்றால் கடைசி ரவுண்டில் கீழே விழுந்ததற்காக சாவேஸுக்கு 10, டெய்லருக்கு 8 கொடுத்தாலும் மொத்தம் 115-112, 116-111. டெய்லர்தான் ஜெயித்திருப்பார்!

சேகர் மாமா: கணக்கு சரி. எழுந்து இரண்டு வினாடி நின்றிருந்தால் இருவரிடமும் இருந்த பட்டம் இரண்டும் அவருக்கு.

பிரியா: கீழே விழுந்து எழுந்தவனிடம் ரெஃப்ரி ஏதோ கேட்கிறாரே, அவன் ஏன் பதில் சொல்லவில்லை? நானும் இப்போது அந்த க்ளிப்பைப் பார்த்தேன்.

சேகர் மாமா: அங்கேதான் விஷயமே இருக்கிறது. சாவேஸின் வலது கையில் விழுந்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ரெஃப்ரி ரிச்சர்டு ஸ்டீல் எட்டு வரை எண்ணிவிட்டு, நல்லா இருக்கிறாயா என்று கேட்கிறார். டெய்லர் பார்வை அவர் மேல் இல்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய கார்னரில், அதாவது அவர் ஆட்கள் நிற்கும் மூலையில், பயிற்சியாளர் லூ டூவா ரிங் ஓரத்தில் ஏறி நிற்கிறார், டெய்லர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். பதில் இல்லை. ஸ்டீல் கையை ஆட்டிச் சண்டையை நிறுத்திவிட்டார். கம்பத்தில் கடைசிப் பத்து வினாடிக்கான சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

விக்னேஷ்: விளக்கைப் பார்த்திருக்கலாமே

சேகர் மாமா: நேரம் பார்ப்பது என் வேலை இல்லை, ஆளைத்தான் பார்த்தேன் என்பது ஸ்டீலின் கட்சி. எனக்கு அவர் மேல் குற்றம் இல்லை. என் கோபமெல்லாம் டெய்லரின் கார்னர் மேல்தான். பன்னிரண்டாவது ரவுண்டுக்கு முன்னால், இந்த ரவுண்ட் உனக்கு வேண்டும் என்று ஏற்றிவிட்டு அனுப்பினார்கள். பையன் போய் நேருக்கு நேர் நின்று அடித்துக்கொண்டான். சும்மா சுற்றிச் சுற்றி ஓடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

பெரியம்மா: யார் யாரை அடித்தது? விக்னேஷுக்கு அடிபட்டதா???

கீதா: இல்லை அக்கா. டிவி சண்டை.

பெரியம்மா: முருகா. பயந்தே போய்விட்டேன்.

பிரியா: என் கட்சி ரெஃப்ரி கட்சி. அந்த டெய்லர் முகம் வீங்கியிருந்ததைப் பார்த்தால் ஐந்தாவது ரவுண்டிலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

சேகர் மாமா: முக எலும்பு முறிந்திருந்தது. உதடு கிழிந்து ரத்தத்தை விழுங்கிக்கொண்டேதான் ஆடினார். ஆனால் ஒன்று கவனி. அடி எண்ணிக்கையில் டெய்லர் எங்கேயோ இருக்கிறார். சாவேஸ் அடித்தது குறைவு. அந்தக் குறைவான அடிதான் டெய்லரை இப்படி ஆக்கியது. இருவரும் படித்த பள்ளிக்கூடம் வேறு.

விக்னேஷ்: புரியவில்லை மாமா

சேகர் மாமா: நீ ஆடுவது மூன்று ரவுண்ட், மூன்று மூன்று நிமிடம். ஒன்பது நிமிடத்தில் கை வேகமும் கால் வேகமும்தான் பேசும். டெய்லர் அதில் ஊறி வந்தவர். சாவேஸுக்கு அமெச்சூரில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. ஒலிம்பிக் பக்கமே போகவில்லை. 1980 பிப்ரவரியில், 17 வயதில், குலியாகானில் ப்ரோ, அதாவது காசுக்கு ஆடுகிற தொழில்முறை வீரர், ஆகிவிட்டார். குலியாகான் என்பது மெக்ஸிகோவில் சினலோவா மாநிலத்துத் தலைநகரம்.

கீதா: 17 வயதிலா? பள்ளிக்கூடம்?

சேகர் மாமா: இன்னொரு மெக்ஸிகோ சாம்பியன் கனெலோ அல்வாரெஸ் ப்ரோ ஆனபோது 15. மார்கோ அன்டோனியோ பர்ரேராவும் 15.

கீதா: அண்ணா, இந்தத் தகவலை எல்லாம் அவன் இருக்கிற குழுவில் போட வேண்டுமா?

விக்னேஷ்: 😇

சேகர் மாமா: பயப்படாதே. அங்கே அது வயிற்றுப்பாடு. சாவேஸின் அப்பா ரயில்வே தொழிலாளி. கைவிடப்பட்ட ஒரு ரயில் பெட்டியில்தான் குடித்தனம். பிள்ளைகள் பத்து பேர். அம்மா ஊரார் துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பதக்கம் வாங்கிவந்தால் அந்த வீட்டில் என்ன ஆகும்? ப்ரோ சண்டையென்றால் அன்றிரவே கையில் ஏதாவது காசு வரும்.

பெரியம்மா: ரயில் பெட்டியில் பத்துப் பிள்ளைகளா. அந்த அம்மா எப்படிச் சமாளித்தாளோ. நம் குவார்ட்டர்ஸில் ஆறு பேருக்கே மூச்சு முட்டும்.

ரவி: மச்சான், ஒலிம்பிக் தங்கமே வாங்கினாலும் மெக்ஸிகோவில் ஒன்றும் ஆகாதா?

சேகர் மாமா: வாங்க மாப்பிள்ளை, துபாயில் டியூட்டி முடிந்ததா? 1968இல் அவர்கள் ஊரிலேயே ஒலிம்பிக். ரிக்கார்டோ டெல்காடோ, அன்டோனியோ ரோல்டான் என்று குத்துச்சண்டையில் இரண்டு தங்கம். இரண்டு பேரில் ஒருவரும் ப்ரோவில் உலக சாம்பியன் ஆகவில்லை. அந்தப் பக்கம் எந்தப் பதக்கமும் இல்லாத சாவேஸ் மூன்று எடைப் பிரிவுகளில் சாம்பியன்.

பிரியா: ஆனால் மாமா, அந்த ஆரம்பச் சண்டைகள் எல்லாம் டம்மி எதிராளிகளுடன் என்று ஒரு பேச்சு இருக்கிறதே. எண்ணிக்கைக்காக ஆடியவை என்று.

சேகர் மாமா: இருக்கிறது. ஒன்றிரண்டில் சிரிப்பும் வரும். 1981இல் குலியாகானில் மிகேல் ரூயிஸ் என்பவருடன் ஆட்டம். முதல் ரவுண்ட் முடியும் மணி அடிக்கிற நேரத்தில் சாவேஸ் போட்ட அடியில் ரூயிஸ் சாய்ந்துவிட்டார். ரெஃப்ரி சாவேஸைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார். சாவேஸின் மேனேஜர் ரமோன் ஃபெலிக்ஸ் உள்ளூர் குத்துச்சண்டை கமிஷனிடம் போய்ப் பேசினார். முடிவு மாறியது, சாவேஸுக்கே வெற்றி!

விக்னேஷ்: ஹாஹா. சொந்த ஊர் கமிஷன்

சேகர் மாமா: அந்த ஒரு முடிவு நிலைத்திருந்தால், 1993 வரை தோல்வியே இல்லை என்ற கதை 1981லேயே முடிந்திருக்கும். அது ஒரு பக்கம். ஆனால் டம்மி என்று ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன். முதல் உலகப் பட்டத்துக்கு ஏறுவதற்கு முன்னால் 43 சண்டை. வேறு வேறு உயரம், வேறு வேறு பாணி, தலையால் முட்டுகிறவன், முழங்கையால் இடிக்கிறவன், பத்து ரவுண்டும் கட்டிப்பிடித்துத் தொங்குகிறவன் என்று எல்லாரையும் ரிங்கிலேயே பார்த்தாயிற்று. அதுதான் அவருடைய அமெச்சூர், சம்பளத்தோடு.

சேகர் மாமா: இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 1984 ஆகஸ்ட்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். டெய்லர் தங்கம், பெர்னெல் விட்டேக்கர் தங்கம். அடுத்த மாதம் 13ஆம் தேதி, அதே லாஸ் ஏஞ்சலஸில், மரியோ மார்டினெஸை எட்டாவது ரவுண்டில் நிறுத்தி சாவேஸ் டபிள்யூபிசி (உலகக் குத்துச்சண்டை கவுன்சில்) சூப்பர் ஃபெதர்வெயிட் பட்டம் வாங்குகிறார். அரங்கத்தின் பெயர் ஒலிம்பிக் ஆடிட்டோரியம்!

விக்னேஷ்: செம மாமா 🔥

பெரியம்மா: [காலை வணக்கம் படம்]

பிரியா: அம்மா, மணி இரவு ஒன்பது.

பெரியம்மா: நாளைக்கு அனுப்ப மறந்துவிடுவேன்.

விக்னேஷ்: மாமா, சாவேஸின் அந்த இடது ஹூக், கையை வளைத்து விலாவில் போடுவது. டெய்லரிடமும் அதைத்தான் போட்டுக்கொண்டே இருக்கிறார். அது எப்படி?

சேகர் மாமா: ஈரல் அடி. ஈரல் உன் வலது பக்கம், கடைசி விலா எலும்புக்குக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். எதிராளி வலது கையால் அடிக்க முழங்கையைத் தூக்கியதும் அந்த இடம் திறந்துவிடும். சாவேஸ் தலையைத் தன் இடது பக்கம் சாய்ப்பார். அந்த அடி தோளுக்கு மேல் போய்விடும். சாய்ந்ததில் எடை முழுக்க இடது காலில் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து இடுப்பைத் திருப்பினால் கை தானாக வரும். கையை மட்டும் வீசினால் அது வெறும் தட்டல். வாங்கினவனுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஒரு நொடி கழித்து மூச்சு நின்று கால் மடங்கும். மூளை எழுந்திரு என்று சொல்லும், உடம்பு கேட்காது.

விக்னேஷ்: எங்கள் கோச் இதை இன்னும் சொல்லித்தரவில்லை

சேகர் மாமா: சொல்லித்தர மாட்டார். மூன்று ரவுண்டில் அதற்குப் பலன் குறைவு. முகத்தில் விழுகிற அடிதான் நடுவர் கண்ணில் படும். வயிற்றில் விழுவது கடன் மாதிரி, வட்டியோடு எட்டாவது ஒன்பதாவது ரவுண்டில்தான் வசூலாகும். 1987இல் எட்வின் ரொசாரியோவை இப்படித்தான் 11 ரவுண்ட் அரைத்துத் தீர்த்தார். என்னைக் கேட்டால் சாவேஸின் ஆகச் சிறந்த ஆட்டம் அதுதான், டெய்லர் சண்டை இல்லை.

ரவி: லட்சம் பேர் ஸ்டேடியத்தில் பார்த்த சண்டை ஒன்று உண்டே?

சேகர் மாமா: 1993 பிப்ரவரி 20, மெக்ஸிகோ சிட்டி அஸ்டெகா ஸ்டேடியம். ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் பேருக்கு மேல். எதிரே கிரெக் ஹாகன், அமெரிக்கர், வாய் நீளம். சாவேஸ் ஜெயித்ததெல்லாம் திஹுவானா டாக்ஸி டிரைவர்களை, அவர்களை என் அம்மாவே அடித்துவிடுவாள் என்று சொல்லிவிட்டார். அரை நிமிடத்துக்குள் கீழே. ஐந்தாவது ரவுண்டில் முடிந்தது. அப்புறம், அந்த டாக்ஸி டிரைவர்கள் ரொம்ப முரட்டு ஆட்களாக இருந்திருக்க வேண்டும் என்று அவரே சொன்னாராம்.

ரவி: 😂😂 ஒப்புக்கொண்டானே

பிரியா: சரி மாமா, இப்போது நான் கேட்கிறேன். அதே 1984 தங்கம் விட்டேக்கர். அவரிடம் உங்கள் ஆள் என்ன ஆனார்?

சேகர் மாமா: கூகுள் பண்ணிவிட்டு வந்திருக்கிறாய்.

பிரியா: 1993 செப்டம்பர் 10, சான் அன்டோனியோ. ட்ரா. ஒரு நடுவர் 115-113 விட்டேக்கருக்கு, மற்ற இருவர் 115-115. பார்த்தவர்களில் பெரும்பாலோர் விட்டேக்கர் ஜெயித்தார் என்கிறார்கள்.

சேகர் மாமா: நானும் அதைத்தான் சொல்வேன். அது ட்ரா இல்லை, அநியாயம். அதுவரை 87 வெற்றி, ஒரு தோல்வி இல்லை. அன்றைக்கு முதல் தோல்வி வந்திருக்க வேண்டும். விட்டேக்கர் இடது கைக்காரர், அடிக்கக் கிடைக்கவே மாட்டார். ஈரல் அடிக்கு ஆள் ஒரு இடத்தில் நிற்க வேண்டுமே. ஏட்டில் ஏறிய முதல் தோல்வி அடுத்த ஜனவரியில் ஃபிராங்கி ராண்டலிடம். 11ஆவது ரவுண்டில் கீழேயும் விழுந்தார், வாழ்க்கையில் முதல் தடவையாக.

விக்னேஷ்: அப்புறம் டெ லா ஹோயா. அவரும் ஒலிம்பிக் தங்கம், 1992 பார்சிலோனா. நாலாவது ரவுண்டிலேயே நிறுத்திவிட்டார்கள், சாவேஸ் தோற்றார். ஆக ஒலிம்பிக்காரர்கள் பக்கம்தானே கணக்கு மாமா? டெய்லர் ஒருவர்தான் தோற்றார், அவரும் இரண்டு வினாடியில்.

சேகர் மாமா: 1996இல் டெ லா ஹோயாவுக்கு 23, சாவேஸுக்கு 33. சாவேஸுக்கு அது 100ஆவது சண்டை. முதல் நிமிடத்திலேயே கண்ணுக்கு மேல் வெட்டு. வேறு என்ன எதிர்பார்க்கிறாய்? ஆனால் அந்த வெட்டு இல்லாவிட்டாலும் தோற்றிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். 1998இல் மறுபடி ஆடியும் தோற்றார். நடுவில் குடி, கொகெய்ன் எல்லாம் பிடித்துக்கொண்டது. அவரே பல பேட்டிகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து மீண்டு இப்போது மறுவாழ்வு மையம் நடத்துகிறார்.

கீதா: கடைசியில் எத்தனை சண்டை ஆடினார்?

சேகர் மாமா: 115. 107 வெற்றி, அதில் 86 நாக் அவுட், 6 தோல்வி, 2 ட்ரா. 2005இல் பீனிக்ஸில் ஒரு சாதாரண ஆளிடம் தோற்று நிறுத்தினார். ஐந்தாறு வருடம் முன்னாலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

கீதா: 115 தடவை தலையில் அடி. அண்ணா, அந்த டெய்லர் இப்போது எப்படி இருக்கிறார் என்று சொல்லுங்கள். அதை மட்டும் சொல்லாமல் இருக்கிறீர்கள்.

சேகர் மாமா: …பேச்சு குழறிவிட்டது. அந்த ராத்திரிக்குப் பிறகு பழைய டெய்லர் திரும்ப வரவே இல்லை. நடுவில் வெல்டர்வெயிட் பட்டம் ஒன்று வாங்கினார், இருந்தாலும் ஆள் தேய்ந்துகொண்டே போனார். 1994இல் சாவேஸுடன் மறுபடி ஆடி எட்டாவது ரவுண்டில் தோற்றார்.

பிரியா: அப்போது ஸ்டீல் நிறுத்தியது இரண்டு வினாடி சீக்கிரம் இல்லை. ரொம்ப லேட்.

விக்னேஷ்: அக்கா, ஆனால் பட்டம் போச்சே

பிரியா: பட்டம் பேசுமாடா?

ரவி: விக்கி, பிளஸ் டூ முடிகிற வரை அமெச்சூர்தான். ஹெட்கார்டு கழற்றவே கூடாது. அதற்கப்புறம் பார்க்கலாம். கீதா, சரியா?

கீதா: அதற்கப்புறமும் நான் பார்ப்பேன்.

விக்னேஷ்: சரிப்பா. மாமா, அந்த ஈரல் அடி மட்டும் நாளைக்குக் காட்டுகிறீர்களா? பேடில் அடிக்கிறேன், யார் மேலும் இல்லை.

சேகர் மாமா: காலையில் ஆறு மணிக்கு மொட்டை மாடிக்கு வா. முதலில் வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து ஈரலை மூடக் கற்றுக்கொள். ஒரு வாரம் அதுதான். அடிப்பது அப்புறம்.

கீதா: ஏழு மணிக்கு. ஞாயிற்றுக்கிழமையாவது பிள்ளை தூங்கட்டும்.

சேகர் மாமா: ஆறரை.