அப்டேட்: பாண்டில இருக்கற அம்மாகூட பேசற விஷயம்

போன மாசம் புலம்பியிருந்தேன்ல, நான் பாரிஸ்ல, அம்மா முத்தியால்பேட்டைல தனியா, நான் வேலை முடிச்சு போன் போட்டா அவங்க தூங்கிடறாங்கன்னு. யோசனை சொன்ன எல்லாருக்கும் தேங்க்ஸ்.

ராத்திரி கால் பண்றதையே விட்டுட்டேன். இங்க காலைல 7.30ன்னா அங்க 11 மணி, அம்மா அடுப்படில இருப்பாங்க, நான் ட்ரெயின்ல. அக்டோபர் கடைசி ஞாயிறு இங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி மாத்துனா, இதே 7.30க்கு அங்க 12 ஆயிடும், அதுவும் ஓகேதான். போனை மிளகாத்தூள் டப்பால சாய்ச்சு வெச்சிடுவாங்க, எனக்கு பாதி மூஞ்சியும் மேல சுத்தற ஃபேனும்தான் தெரியும். பேசியே ஆகணும்னு இல்ல. நேத்து மீன்காரம்மா வரவும் என்ன அப்படியே விட்டுட்டு வாசலுக்கு போய்ட்டாங்க, சங்கரா மீனுக்கு நடந்த பேரம் மொத்தமும் கேட்டுட்டே ஆபீஸ் போனேன், நல்லாதான் இருந்துச்சு.

பையனோட ஓசிஐ (வெளிநாட்டு பாஸ்போர்ட் வெச்சிருக்கற இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா தர்ற கார்டு) என்னாச்சுன்னு கேட்டவங்களுக்கு: வந்துடுச்சு. விசா தொல்லை இல்ல, ஓட்டும் விவசாய நிலமும் கிடையாது. 20 வயசு வரைக்கும் ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டுக்கும் அதோட காப்பியும் போட்டோவும் ஆன்லைன்ல ஏத்தணும், மறந்துடாதீங்க.

மாசி மகத்துக்கு ஊருக்கு வரப் பாக்கறோம், ஸ்கூல் லீவு ஒத்து வரணும். இல்லன்னா வைத்திக்குப்பம் கடற்கரைலேர்ந்து வீடியோ கால்ல சாமி காட்டறேங்கறாங்க அம்மா, அந்தக் கூட்டத்துல சிக்னல் எங்க கெடைக்கும், சொன்னா கேட்டாதானே.