மறு: எழுத்துத் திட்டப் பலகைக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

எழுதப்போவதை அட்டை அட்டையாகத் திரையில் பரப்பித் திட்டமிடும் செயலிப் பலகைக்குத் தமிழ்ப் பெயர் கேட்டிருந்தீர்கள். இதுவரை வந்த யோசனைகளில் ‘காட்சித் திட்டமிடல் மென்பொருள்’ (விஷுவல் பிளானிங்) எனக்கு ஒத்துவரவில்லை. நீளம் ஒரு பக்கம் இருக்கட்டும், ‘காட்சி’ என்ற சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. நாவலோ திரைக்கதையோ எழுதுகிறவருக்குக் காட்சி என்றால் சீன். மெனுவில் ‘காட்சித் திட்டம்’ என்று பார்த்தால், அடுத்த சீனுக்குத் திட்டம் போடுகிற இடம் என்றுதான் நினைப்பார், அதில் அவர் தப்பும் இல்லை. ‘வரைவு’ சேர்த்துச் செய்த சொற்களுக்கும் இதே கதிதான். டிராஃப்டுக்கு அதை எப்போதோ கொடுத்துவிட்டோம்.

‘கருப்பலகை’ மிகவும் பிடித்திருந்தது, கதைக்கருவை வைக்கும் பலகை. ஆனால் வேகமாகப் படித்தால் கரும்பலகை ஆகிவிடுகிறது.

எல்லாவற்றையும் மனவரைபடம் என்றே சொல்லிவிடலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சொல் மைண்ட் மேப்புக்கு வகுப்பறைகளில் நன்றாக ஊன்றிவிட்டது, அங்கேயே இருக்கட்டும். 1974இல் ஆங்கிலேய எழுத்தாளர் டோனி பூசான் பிபிசி தொலைக்காட்சி வழியாகப் பிரபலமாக்கிய வடிவம் அது: நடுவில் ஒரு மையம், அதிலிருந்து கிளை, கிளைக்குள் கிளை. ஒரு கிளைக்கு ஒரே தாய். அப்படியானால் மூன்று அத்தியாயங்களில் வந்துபோகிற ஒரு பாட்டியை எந்தக் கிளையில் மாட்டுவீர்கள்? மனவரைபடம் வரையும் ஃப்ரீபிளேன் செயலியில் குறுக்குக் கோடு போடலாம்தான், பத்துப் பதினைந்து கோடு ஆனதும் படம் சிக்கல் விழுந்த நூல் மாதிரி ஆகிவிடும். கருத்து வரைபடம் வேறு. 1972இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கின் குழு குழந்தைகளின் அறிவியல் புரிதலை ஆராய்ந்தபோது உருவாக்கியது, அதில் கோட்டின் மேலேயே ‘காரணம்’, ‘மறுக்கிறது’ என்று உறவை எழுதிவைப்பார்கள். கட்டுரை எழுதுகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நாம் பெயர் தேடுவது மூன்றாவது வகைக்கு. நூல் எழுதுகிறவர்களுக்கான ஸ்கிரிவனர் செயலியின் கார்க்போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அட்டையிலும் தலைப்பும் ரெண்டு வரிச் சுருக்கமும் இருக்கும், ஓர் அட்டையை இழுத்து முன்னால் வைத்தால் அந்த அத்தியாயமே பிரதியில், அதாவது எழுதிக்கொண்டிருக்கும் நூலில், முன்னால் போய்விடும். ஸ்கேப்பிள் செயலியிலோ, ஒப்சிடியன் என்ற குறிப்புச் செயலியின் கேன்வாஸிலோ எங்கே நகர்த்தினாலும் பிரதியின் வரிசை மாறாது, அங்கே பலகை யோசிப்பதற்கு மட்டும். செயலி தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இரண்டுக்கும் தேவை உண்டு, ஆனால் நமக்கு எது வேண்டும் என்று தெரியாமல் இறங்கினால் இருநூறு அட்டை போட்ட பிறகு எல்லாவற்றையும் கையால் மாற்ற வேண்டிவரும்.

அப்புறம், ஒரு செயலியில் சேர்வதற்கு முன் ‘கொடி’, ‘பௌர்ணமி’ என்று ஓர் அட்டை எழுதி அதை பிடிஎஃப் ஆக்கிப் பார்த்துவிடுங்கள். நான் ஒரு வருடம் வைத்திருந்த செயலியில் திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது, பிடிஎஃபில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. பல செயலிகளும் படிக்கிற ஓபிஎம்எல் மாதிரிப் பொதுவான கோப்பு வடிவத்தில் வெளியே எடுக்க முடிந்ததால் உழைப்பு தப்பியது.

சரி, என் முன்மொழிவு: விரிபலகை. விரிந்த, விரிகிற, விரியும் பலகை மூன்றும் இந்த வினைத்தொகைக்குள் அடங்கிவிடும், நடுவில் ஒற்று வராது (‘விரிப்பலகை’ என்று எழுதிவிடாதீர்கள்). ஸ்பிரெட்ஷீட்டுக்கு விரிதாள், கீபோர்டுக்கு விசைப்பலகை என்று பழகிய காதுக்கு இது அந்நியமாகப் படாது. விரிதாளோடு குழம்பாதா என்றால், ஒன்று தாள், மற்றது பலகை. தாளில் எழுதுவோம், பலகையில் குத்தி வைப்போம். அந்த வேறுபாடு சொல்லிலேயே இருக்கிறது.

கார்டுக்கு ‘அட்டை’ போதும், ‘குறிப்பட்டை’ வேண்டாம். ‘அட்டையைச் சேர்’, ‘விரிபலகையில் திற’ இரண்டையும் பொத்தானில் போட்டுப் பார்த்தேன், அழகாக அடங்குகின்றன. இடிப்பது ஒன்றுதான். ஸ்கிரிவனரில் அட்டைகளை இஷ்டத்துக்குப் பரப்பி வைக்கும் முறையும் உண்டு, ‘இதுதான் வரிசை’ என்று நாம் ஒரு பொத்தானை அழுத்திய பிறகே பிரதி மாறும். ஆங்கிலத்தில் அந்தப் பொத்தானின் பெயர் கமிட். அதற்கு ‘உறுதிசெய்’ என்றால் கன்ஃபர்மோடு மோதுகிறது, ‘சேமி’ என்றால் பொருளே வேறு. ‘பிரதியை இப்படி அடுக்கு’ என்பதுதான் இப்போதைக்கு என்னிடம் இருக்கிறது, பொத்தானுக்கு நீளம். இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருக்கிறதா?