கணிதத்துக்கு ஆள் இல்லை, சுவரில் வெடிப்பு: வலயக் கல்விப் பணிமனையிடம் எதை, எப்படிக் கேட்பது?

மேல்கணக்கு எழுதியது:

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலை. தரம் 1 முதல் 11 வரை, வகை 2. ஜனவரியிலிருந்து கணித ஆசிரியர் இல்லை. சங்கீத ஆசிரியர்தான் தரம் 10, 11 பிள்ளைகளுக்குக் கணிதம் எடுக்கிறார். ஆரம்பப் பிரிவுக் கட்டடத்தின் பின்சுவரில் வெடிப்பு, அதற்குப் பின்னால் மண்மேடு. பாடசாலை அபிவிருத்திக் குழுவுக்குப் பெற்றோர் சார்பில் புதிதாகத் தெரிவானவன் நான். கோட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போனால் வலயத்தைக் கேளுங்கள் என்கிறார்கள், வலயத்தில் மாகாணம் என்கிறார்கள். யார் கையில் எது இருக்கிறது? கடிதத்தில் என்ன இருந்தால் வேலை நகரும்?

கோப்பு இலக்கம் எழுதியது:

வகை 2 தோட்டப் பாடசாலை என்றால் அது மாகாணப் பாடசாலை. தேசியப் பாடசாலையாக இருந்தால் ஆசிரியர் விடயம் பத்தரமுல்லை இசுருபாயவிலுள்ள கல்வி அமைச்சுக்குப் போகும். உங்களுக்கு அந்த அலைச்சல் இல்லை.

கோட்டக் கல்வி அலுவலகத்திடம் நிதியும் இல்லை, நியமன அதிகாரமும் இல்லை. பாடசாலையைப் பார்ப்பதும் சிபாரிசு எழுதுவதும்தான் அதன் வேலை. அந்தச் சிபாரிசைக் குறைவாக எடைபோட வேண்டாம், வலயத்தில் கோப்பு அதை வைத்துத்தான் நகரும். ஆசிரியர்களின் தனிப்பட்ட கோப்பு, சம்பளம், வலயத்துக்குள் இடமாற்றம், தற்காலிக இணைப்பு (ஓர் ஆசிரியரைக் கொஞ்சக் காலம் வேறு பாடசாலைக்கு அனுப்புவது), பாடத்துக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர், ஆசிரிய ஆலோசகர், திட்டமிடல், கணக்கு எல்லாம் வலயத்தில். மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குரன்கெத்த என்று வலயங்கள் உண்டு. ஒரு வலயத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆளை மாற்றுவதும் பெரிய கட்டட வேலையும் கண்டியிலுள்ள மாகாணக் கல்வித் திணைக்களத்தைச் சேர்ந்தவை. புதிய நியமனம் என்றால் மாகாண அரச சேவை ஆணைக்குழு வரை போகும்.

இனி உங்கள் கணித ஆசிரியர். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பாடசாலையிலிருந்து வலயத்துக்குப் போன நேரசூசியை. சங்கீத ஆசிரியர் எடுக்கும் பாடவேளைகள் அதில் வெறுமனே 'கணிதம்' என்று பதியப்பட்டிருந்தால், மேலே ஆளணிக் கணக்கு (எத்தனை ஆசிரியர் தேவை, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது) பார்ப்பவருக்கு உங்கள் பாடசாலையில் கணிதம் நடந்துகொண்டிருக்கிறது. வெற்றிடமே தெரியாது. பிள்ளைகள் சும்மா இருக்கக்கூடாதென்று நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் அதுவே குறையை மூடிவிடுகிறது. 'பதில் ஏற்பாடு, பாடத்துக்குரிய ஆசிரியர் அல்லர்' என்று அந்தக் கட்டத்திலேயே குறிப்பிடச் சொல்லுங்கள்.

அடுத்தது, பெயர் உங்கள் பாடசாலையிலும் ஆள் வேறு இடத்திலுமாக யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். கணித ஆசிரியர் ஒருவர் தற்காலிக இணைப்பில் டவுன் பாடசாலைக்குப் போய், சம்பளம் மட்டும் உங்கள் பாடசாலைப் பட்டியலில் வந்தால், கணக்கில் அவர் உங்களிடம்தான் இருக்கிறார். அப்படியானால் 'ஆசிரியர் தாருங்கள்' என்று எழுதுவதில் பயனில்லை. இணைப்பை இரத்துச் செய்யும்படியோ அவரை நிரந்தரமாக விடுவித்துப் பதிலாள் தரும்படியோ கேட்க வேண்டும்.

கடிதத்தில் தேவையைப் பாடவேளையாகக் காட்டுங்கள். தரம் 6 முதல் 11 வரை ஆறு வகுப்புகள், ஒவ்வொன்றுக்கும் கணிதம் வாரம் 5 பாடவேளை என்று வைத்தால் 30. ஒருவருக்கு முழு வேலை. 'பிள்ளைகளின் எதிர்காலம் பாழாகிறது' என்ற வரி உண்மைதான், ஆனால் அதை வைத்து எந்த உத்தியோகத்தரும் ஆளணி அட்டவணையைத் திருத்த முடியாது. 30 என்ற எண்ணை வைத்து முடியும். வெற்றிடம் ஏற்பட்ட திகதி, போனவரின் விடுவிப்புக் கடிதப் பிரதி, நேரசூசி மூன்றையும் இணையுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு விடயம் மட்டும். சுவரையும் இதில் சேர்த்தால் கடிதம் இரண்டு பிரிவுகளுக்கு நடுவில் நின்றுவிடும்.

அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளருக்கு, பிரதி கோட்டத்துக்கு. கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். நிரந்தர ஆள் வரும்வரை பக்கத்துப் பாடசாலைக் கணித ஆசிரியரை வாரம் இரண்டு நாள் இணைப்பில் தரும்படி அதே கடிதத்தின் கடைசிப் பந்தியில் கேளுங்கள். இதை வலயமே செய்யலாம், கண்டிக்குப் போக வேண்டியதில்லை. எந்தப் பாடசாலையில் கணிதத்துக்கு மேலதிக ஆள் இருக்கிறது என்பது ஆசிரிய ஆலோசகருக்குத் தெரியும், அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கல்லும் மண்ணும் எழுதியது:

மேல்கணக்கு அண்ணன், சுவர் காத்திருக்காது. கடிதத்துக்கு முன் அந்த வகுப்பை இடம் மாற்றச் சொல்லுங்கள், மழைக்காலத்தில் கட்டாயம்.

வெடிப்பு எப்படி ஓடுகிறது? யன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கினால் பெரும்பாலும் அத்திவாரம் ஒரு பக்கம் அமிழ்கிறது. கிடையாக ஓடி, சுவர் உள்பக்கம் புடைத்திருந்தால் மேட்டு மண் தள்ளுகிறது, இதுதான் அதிக ஆபத்து. வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதுங்கள். அகலத்தை அடிமட்டம் வைத்து அளந்து, அடிமட்டம் தெரியும்படி படம் எடுங்கள். இரண்டு கிழமை கழித்து வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் அந்த இரண்டு படமும் போதும்; அது பழைய வெடிப்பு என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

மேட்டின் மேலே தேயிலை மலைக் கான் (மழைநீர் வடிகால்) எங்கே போகிறது என்று ஏறிப் பாருங்கள். கான் அடைபட்டால் தண்ணீர் முழுவதும் உங்கள் சுவருக்குப் பின்னால்தான் இறங்கும். பாதுகாப்புச் சுவர் இருந்தால் அதன் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். கானைத் துப்புரவாக்கத் தோட்டத் துரையிடம் (தோட்ட முகாமையாளர்) அதிபர் எழுத்தில் கேட்டால் போதும், வலயத்தின் பணம் தேவையில்லை.

மண்சரிவு அபாயம் இருக்கும் இடத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் கட்டட வேலைக்கு நிதி வராது. எனவே சுவருக்காக வலயத்துக்கு எழுதும் தனிக் கடிதத்தில் இரண்டு கோரிக்கை: அந்த நிறுவனத்தின் பரிசோதனை, தொழினுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடு. மதிப்பீடு கிடைத்ததும் அதன் திகதியைப் பாருங்கள். விலை வீதங்கள் மாறுவதால் பழைய மதிப்பீட்டைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், அதில் ஒரு வருடம் போய்விடும்.

தோட்டப் பாடசாலைகளுக்கென்றே ஒரு சிக்கல் காணி. கட்டடம் அரசாங்கத்தின் கையில் இருந்தாலும் சுற்றியுள்ள நிலம் 1992இலிருந்து தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்தில். எல்லை அளக்கப்படாத இடத்தில் புதுச் சுவர் எழுப்பப் போனால் வேலை பாதியில் நிற்கும். நில அளவைப் படம் கோப்பில் உண்டா என்று இப்போதே கேளுங்கள். தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் கட்டடக் கடிதத்துடன் ஒரு சிங்களப் பிரதி வைத்தால் மொழிபெயர்ப்புக்காகக் கிடக்கும் நாட்கள் மிச்சம்.

மேல்கணக்கு எழுதியது:

இணைப்பில் ஒருவர் இருக்கலாம் என்றுதான் படுகிறது. ஆனால் ஆளணி விபரம் கேட்டால் எங்களுக்குக் காட்டமாட்டார்கள். தர உள்ளீட்டு நிதியில் தொண்டர் ஆசிரியர் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கலாமா?

கோப்பு இலக்கம் எழுதியது:

வேண்டாம். தர உள்ளீடு கற்றல் கற்பித்தல் பொருட்களுக்கானது, சம்பளத்துக்கல்ல. கணக்காய்வு வினவல் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அதிபர். அந்தப் பணத்தில் கேத்திரகணித உபகரணம், செயலட்டை, போட்டோப்பிரதி போன்றவற்றை ஆண்டுத் திட்டத்தில் எழுதி வாங்குங்கள். விலைக்கோரல் மூன்றும் பற்றுச்சீட்டுத் திகதிக்கு முந்தியவையாக இருக்க வேண்டும். பொருள் வந்த அன்றே பொருட்பதிவேட்டில் ஏற்றுங்கள். டிசம்பர் கடைசியில் ஓடி ஓடி வாங்கும் பாடசாலைகளில்தான் இந்த இரண்டும் பிசகுகின்றன.

ஆளணி விபரத்துக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள்: 'இப்பாடசாலைக்குப் பாடவாரியாக அங்கீகரிக்கப்பட்ட ஆளணி, தற்போது சம்பளப் பட்டியலில் உள்ள ஆளணி, தற்காலிக இணைப்பில் வெளியே உள்ளோர் எண்ணிக்கை.' பெயர் கேட்க வேண்டாம், எண்ணிக்கை போதும். தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் அறிவிக்க வேண்டும்.

அதற்கு முன் அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி அறிக்கைப் புத்தகத்தில் எழுதுங்கள். குழுவின் தலைவர் அதிபர்தான். தனியாக எழுதத் தயங்கும் அதிபரும், 'குழுவின் தீர்மானத்துக்கமைய' என்று ஆரம்பிக்கும் கடிதத்தில் கையொப்பமிடுவார்.