கட்டணமே இல்லை என்றார்கள், ஆனாலும் ஊருக்குப் போகும் பணம் குறைகிறதே?

யீஷூன் தம்பி:
வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. நாலு வருடமாக இங்கே சிங்கப்பூரில் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வேலை. மன்னார்குடி பக்கம் வீடு கட்டுகிறோம், லிண்டல் மட்டம் வரை வந்துவிட்டது, மாதம் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அப்பா கணக்குக்கு அனுப்புகிறேன். போன மாதம் ஒரு வங்கியின் ஆப்பில் 'கட்டணம் இல்லை' என்று போட்டிருந்ததால் அதில் அனுப்பினேன். அப்பா பாஸ்புக்கைப் படம் எடுத்து அனுப்பினார், நான் கூகுளில் ரேட் பார்த்துப் போட்ட கணக்கைவிட இரண்டாயிரம் ரூபாய் கிட்டக் குறைவு. கொத்தனாரின் இரண்டு நாள் கூலி அது. இதுபோக, 50,000-க்கு மேல் வந்தால் அப்பா வரி கட்டணும் என்று மாமா சொல்கிறார். இங்கே வருவதற்கு முன் என் பேரில் திறந்த சேவிங்ஸ் கணக்கு ஊரில் இருக்கிறது, அதிலும் கொஞ்சம் போட்டு வைக்கலாமா?

தேக்கா பழைய ஆள்:
தம்பி, கட்டணத்தைப் பார்க்காதீர்கள், கடைசியில் எத்தனை ரூபாய் கையில் சேரும் என்று மட்டும் பாருங்கள். ஒரு வெள்ளிக்கு நிஜ ரேட் 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் இல்லாமல் 64 கொடுத்தால் 2,000 வெள்ளிக்கு 1,28,000. இன்னொருவர் 5 வெள்ளி எடுத்துக்கொண்டு 64.90 கொடுத்தால் 1,29,475. எதில் லாபம் என்று நீங்களே பாருங்கள். வைஸ், இன்ஸ்டாரெம் மாதிரி ஆப்களில் அனுப்பும் முன்னாலேயே சேரும் தொகை தெரியும், அதே நேரத்தில் இரண்டு மூன்றில் பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் வரிசையில் நின்று அனுப்புகிறவர்களுக்கும் இதேதான், பலகையில் இருக்கும் ரேட்டை மட்டும் பார்த்துவிட்டு ரசீதில் கட்டணத்தைப் பார்க்காமல் வந்துவிடுகிறார்கள். ஸ்விஃப்ட் என்ற வங்கிகளுக்கு இடையிலான சர்வதேச வலையமைப்பு வழியாக வெள்ளியாகவே அனுப்பினால் நடுவில் வேறொரு வங்கி கொஞ்சம் பிடிக்கலாம், ஊர் வங்கி ரூபாயாக மாற்றும்போது ஜிஎஸ்டியும் உண்டு, ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய்.

ஜூரோங் அக்கா:
நான் கணக்கு வேலையில் இருப்பதால் வரி விஷயத்தை மட்டும் சொல்கிறேன். மாமா சொல்லும் 50,000 கணக்கு, உறவு இல்லாதவர் கொடுக்கும் பணத்துக்கு. பிள்ளை அப்பா அம்மாவுக்குக் கொடுப்பதற்கு எவ்வளவானாலும் வரி கிடையாது. அந்தப் பணத்தை அப்பா டெபாசிட்டில் போட்டு வட்டி வந்தால் அது அவர் வருமானம். ஆனால் மனைவி பேரில் கொடுத்துப் போட்டால் அதில் வரும் வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும், இது நிறையப் பேருக்குத் தெரியாது.

பழைய கணக்கில் தயவுசெய்து போடாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு வந்தபின் அதைச் சாதாரணக் கணக்காக வைத்திருக்கக்கூடாது, என்ஆர்ஓ (வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர் வருமானத்துக்கு வைத்திருக்கும் கணக்கு) ஆக மாற்றியிருக்கணும். என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதத்தை வங்கியே வரியாகப் பிடித்துவிடும் (டிடிஎஸ்), அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி. இங்கே சம்பாதித்ததைச் சேர்க்க என்ஆர்இ கணக்கு திறங்கள், வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அசலும் வட்டியும் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொண்டுவரலாம்.

உட்லண்ட்ஸ்காரன்:
சின்னத் தொகை அவசரமாக என்றால் பேநௌ–யுபிஐ (இந்த ஊர் பேநௌவையும் இந்தியாவின் யுபிஐ-யையும் சேர்க்கும் உடனடிப் பணம் அனுப்பும் வழி) இருக்கிறதே, 2023 பிப்ரவரியில் வந்தது. தொடங்கும்போது ஒரு நாளைக்கு 60,000 ரூபாய், ஏறக்குறைய 1,000 வெள்ளிதான் வரம்பு. அப்புறம் தம்பி, ரேட் அதிகம் என்று யாராவது உண்டியலுக்கு (உரிமம் இல்லாத ஆட்கள் கைமாற்றாகப் பணம் அனுப்புவது) கூப்பிட்டால் போகவே போகாதீர்கள். சட்டவிரோதம், பணம் போய்ச் சேரவில்லை என்றால் கேட்க ரசீதுகூட இருக்காது. நாளைக்கு வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்டவும் ஒன்றும் இருக்காது. பணம் அனுப்பும் நிறுவனத்துக்கு மாஸ் (சிங்கப்பூர் நாணய ஆணையம்) உரிமம் இருக்கிறதா என்று மாஸ் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

யீஷூன் தம்பி:
ரொம்ப நன்றி. இப்போதுதான் மூன்று ஆப்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், 2,000 வெள்ளிக்கே 1,300 ரூபாய் வரை வித்தியாசம் வருகிறது! மாமாவுக்கு அக்கா எழுதியதை அப்படியே அனுப்பிவிட்டேன். அக்கா, என்ஆர்இ கணக்கை இங்கிருந்தே திறக்கலாமா, இல்லை பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதுதான் முடியுமா?

ஜூரோங் அக்கா:
இங்கிருந்தே திறக்கலாம் தம்பி, சிராங்கூன் பக்கமே இந்திய வங்கிக் கிளைகள் இருக்கின்றன. பாஸ்போர்ட், வேலை பாஸ், இந்த ஊர் முகவரிக்கு ஒரு சான்று, பான் கார்டு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். பழைய கணக்கை மாற்றும் படிவத்தையும் அப்போதே கேளுங்கள்.