கடைசிப் பெஞ்சும் குழம்பு வாளியும்

பனையடியான், திருநெல்வேலிப் பக்கம்:

வெட்கம் என்றால் எனக்குக் கோவிலின் (எங்கள் பக்கம் சர்ச்சைக் கோவில் என்றுதான் சொல்வோம்) கடைசிப் பெஞ்சுதான் ஞாபகம் வரும். ஐந்து வருஷம் அங்கேதான் உட்கார்ந்தேன். முதல் பாட்டு தொடங்கின பிறகு உள்ளே நுழைவேன். ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கும்போது வெளியே செருப்பை மாட்டிக்கொண்டிருப்பேன்.

காரணம் கடன். செல்போன் ரிப்பேர் கடையைப் பெரிசாக்குகிறேன் என்று பத்து வட்டிக்கு வாங்கினேன். நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். லட்சம் வாங்கினால் பத்தே மாதத்தில் இன்னொரு லட்சம் வட்டியாகவே போயிருக்கும், அசல் அசையாமல் நிற்கும். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. எனக்கும் தெரியும், கொடுத்தவனுக்கும் தெரியும். ஆனால் ஸ்டேஷனுக்குப் போனால் தெருவுக்கே தெரிந்துபோகுமே! அந்த வெட்கத்தை நம்பித்தான் அவன் தொழிலே நடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபையார் கோவிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்து வாசலில் நின்று சத்தம் போட்டான். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் வெளியே போய், "அப்பா ஊர்ல இல்ல மாமா" என்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே சொன்னாள். வட்டிக்காரன் பேசின பேச்செல்லாம் மறந்துவிட்டது, இது மட்டும் மறக்கவில்லை.

கோவிலில் சாட்சி சொல்கிறவர்களைக் கேட்டால் எனக்கு வெட்கம் கூடும். கடனில் கிடந்தேன், உபவாசமிருந்து ஜெபித்தேன், இப்போது மாடி வீடு என்பார்கள். எனக்கு மாடி வரவில்லையே, அப்போ என் விசுவாசத்திலும் ஓட்டையோ என்று இருக்கும்.

அந்த வருஷம் அசனம் வந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்துச் சபைகளில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. அரிசி, தேங்காய், ஆடு என்று முடிந்தவர்கள் காணிக்கையாகக் கொடுப்பார்கள். நான் ஒரு தேங்காய்கூடக் கொடுக்கவில்லை. மனைவியையும் பிள்ளையையும் பந்திக்கு அனுப்பிவிட்டு மதில் ஓரமாக நின்றேன். உபதேசியார், ஐயருக்குத் துணையாகச் சபையைக் கவனிக்கிறவர், என்னைப் பார்த்து வந்தார். விசாரிப்பார், ஜெபம் பண்ணுவார் என்று நினைத்தேன். "ஏல, சும்மாதான நிக்க? விளம்ப ஆளு பத்தல" என்று குழம்பு வாளியைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

பந்தி விளம்பினவர்களுக்குத் தெரியும். குனியாமல் ஊற்ற முடியாது, முகத்தைப் பார்க்காமல் அடுத்த இலைக்கு நகர முடியாது. மூன்றாவது வரிசையில் மளிகைக்கடை அண்ணாச்சி. அவருக்கு ஐயாயிரம் பாக்கி. அவர் கடை இருக்கிற தெருவையே விட்டு நான் சுற்றிப் போய்க்கொண்டிருந்த காலம். கரண்டி வாளி விளிம்பில் தடதடவென்று தட்டுவது எனக்கே கேட்டது. அவர் இலையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "கறி அடியில கெடக்கும், கலக்கி ஊத்து டே" என்றார்.

கலக்கி ஊற்றினேன். நாலு பந்தி ஓடியது.

அன்று ராத்திரி மனைவியிடம் முழுத் தொகையையும் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருந்தது பாதிதான். அழுதாள், நன்றாகத் திட்டினாள், அப்புறம் மகளின் பழைய ரஃப் நோட்டை எடுத்து யாருக்கு எவ்வளவு என்று எழுத ஆரம்பித்தாள். அந்த நோட்டு தீர இன்னும் ஆறு வருஷம் ஆனது. கடை போனது போனதுதான். "அவர்கள் அவரை நோக்கிப் பார்த்துப் பிரகாசமடைந்தார்கள், அவர்கள் முகங்கள் வெட்கப்பட்டுப்போகவில்லை." சங்கீதம் 34:5, ஞாயிறு பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கின வசனம். அதில் கடன் தீரும் என்று எங்கேயும் இல்லை, முகம் என்றுதான் இருக்கிறது. அது எனக்குப் புரிய ஒரு வாளி குழம்பு தேவைப்பட்டது.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள். மாடி வீட்டில் முடியாவிட்டாலும் பரவாயில்லை.

லேஸ்காரி, நாகர்கோவில்:

அண்ணே, அந்த மாடி வீட்டுச் சாட்சி எங்க ஊரிலும் உண்டு.

எங்கள் குமரி மாவட்டச் சபைகளில் தோள்சீலைக் கதை, அதாவது பெண்கள் மார்பை மறைக்கத் தோளில் போட்ட துணியின் கதை, சொல்லாத விழா கிடையாது. திருவிதாங்கூர் ராஜ்யத்தில் எங்கள் பெண்கள் மேலே துணி போடக்கூடாது என்று இருந்தது. மிஷனெரிகளிடம் படித்தவர்கள் குப்பாயம், அதாவது மேல்சட்டை, தைத்துப் போட்டார்கள். மேல்சாதிக்காரர்கள் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள், இவர்கள் மறுபடியும் தைத்துப் போட்டார்கள். 1829-ல் வந்த உத்தரவு, கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது என்றது. 1859-ல்தான் மறைத்துக்கொள்ள அனுமதி வந்தது, அதுவும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. மிஷனெரி மார்த்தா மால்ட் அம்மையார் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னல் எங்கள் குடும்பத்தில் கைமாறிக் கைமாறி வந்தது. பாட்டி லேஸ் பின்னுவதற்கு வைத்திருந்த தலையணை இன்னும் பரணில் கிடக்கிறது.

இவ்வளவு பெருமை பேசுகிற சபைக்குத்தான் நான் கல்யாணம் முறிந்து திரும்பி வந்தேன். "மாப்பிள வரேல்லியா மக்களே?" தெரிந்தேதான் கேட்பார்கள். ஒரு கட்டத்தில் அதிகாலை ஆராதனைக்கு மாறினேன். அங்கே வயசானவர்கள்தான் வருவார்கள், பாதிப் பேருக்குக் கண் தெரியாது!

ஒரு நாள் பெண்கள் ஐக்கியத்தில் பைபிளில் யோவான் நாலாம் அதிகாரம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. சமாரியப் பெண், உச்சிவெயிலில் தனியாகத் தண்ணீர் எடுக்க வருகிறவள். வாசிக்கும்போதே, அடப்பாவி, இவளும் அதிகாலை ஆராதனைக்காரிதான் என்று தோன்றியது. அவள் ஏன் அந்த நேரத்தில் வந்தாள் என்று வசனத்தில் இல்லை, தெரியும். எனக்கு அப்படித் தோன்றியது, அவ்வளவுதான். அவளை மோசமானவள் என்று பிரசங்கம் கேட்டே வளர்ந்தவள் நான். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து இன்னும் இரண்டு தடவை வாசித்தேன். ஐந்து புருஷர் இருந்தார்கள் என்று இயேசு சொல்கிறார். செத்தார்களா, தள்ளிவிட்டார்களா, ஒன்றும் இல்லை. "உன் பாவம் மன்னிக்கப்பட்டது" என்றும் அங்கே அவர் சொல்லவில்லை. அவளிடம் தண்ணீர் கேட்கிறார், எங்கே தொழுவது என்று அவள் கேட்டதற்கு உட்கார்ந்து பதில் சொல்கிறார். அவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு, எந்த ஊருக்குப் பயந்தாளோ அதே ஊருக்குள் ஓடுகிறாள்.

அடுத்த ஞாயிறு எட்டரை மணி ஆராதனைக்குப் போனேன். அதே கேள்வி. "இல்ல சித்தி, அவரு இனி வரமாட்டாரு" என்று சத்தமாகவே சொன்னேன். சித்திதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவம்.

சைக்கிள்மணி, திருச்சி:

நான் கத்தோலிக்கன், குடிநோயாளி. கடைசியாகக் குடித்து எட்டு வருஷமாகிறது. அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் குடித்தவன், அடகு முழுகியே போனது. பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, போனபோது மறந்துவிடக் கூடாதே என்று மெடிக்கல் பில்லின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனேன். சாமியார் முழுக்கக் கேட்டார். அபராதமாக நூறு செபம் சொல்வார் என்று பார்த்தால், அம்மா வீட்டில் போய் ஒருவேளை சாப்பிட்டு வா என்றார். நூறு செபமே தேவலை என்று இருந்தது.

போனேன். தோட்டு ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க அம்மா காதில் வேப்பங்குச்சி சொருகியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன். ரசம் ஊற்றும்போது, "இளைச்சிட்டியேடா" என்றாள். செய்தது தப்பு என்கிற வலி இன்னும் இருக்கிறது, இருக்கட்டும். ஒளிந்துகொள்கிற புத்திதான் அன்றோடு போனது.

பெயர் வேண்டாம்:

மூன்றையும் படித்தேன். எனக்கு இன்னும் போகவில்லை. என்ன விஷயம் என்று இங்கேயும் எழுத முடியவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால்கூடக் கடவுள் வேறு பக்கம் பார்க்கிற மாதிரி இருக்கிறது. நானும் உங்கள் மாவட்டம்தான், பனையடியான் அண்ணன்.

பனையடியான்:

தம்பியா தங்கச்சியா தெரியவில்லை, எழுதவே வேண்டாம். வருகிற மாதம் எங்கள் சபையில் அசனம். எடுத்த உடனே வாளி தரமாட்டேன், பயப்படாதீங்க. முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் சமையல் கொட்டகையில் சின்ன வெங்காயம் உரிக்க உட்காருவோம். மூட்டைக் கணக்கில் கிடக்கும். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். வரும்போது ஒரு கத்தி மட்டும் கொண்டு வாங்க, அங்கே இருக்கிறதெல்லாம் மொட்டை.