ஆசை அடியோடு போய்விட்டால் கோளாறு உடம்பிலா, வீட்டிலா?

மல்லிகைப்பந்தல்:
கல்யாணமாகி ஆறேழு வருஷத்தில் ஒரு பெண்ணுக்கு ஆசையே வரவில்லை என்றால் எல்லாரும் "ஹார்மோன் பாருங்க" என்கிறார்கள். அந்த வீட்டில் அவள் ஏடிஎம் கார்டு கணவர் பர்ஸில், போன் தினமும் அவர் சோதனையில், "இன்னிக்கு வேண்டாம்" என்றால் மூன்று நாள் பேச்சில்லை. அப்போது முதலில் எதைப் பார்ப்பது? மாத்திரை ஏதாவது உண்டா?

ஸ்டெத்:
டெஸ்ட் வீண் இல்லை. தொடங்க ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டின் போதும். சாப்பிடும் மருந்துகளையும் பாருங்கள். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் ஆசையைக் குறைப்பது சகஜம். தானாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடமே மாற்றுக் கேட்க வேண்டும். பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து வறட்சி வரும். வறட்சியால் வலி, வலியால் பயம்.

இதையெல்லாம்விட ஒரு கேள்வி அதிகம் காட்டிக்கொடுக்கும்: ஆசை எப்போதுமே இல்லையா, அவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் இல்லையா? கனவிலும் தனிமையிலும் துளிர்க்கிறது என்றால் ஹார்மோன் மேல் பழி போட முடியாது. அமெரிக்காவில் 2015-இல் அனுமதி பெற்ற ஃபிளிபான்செரின் மாத்திரையின் குறிப்பிலேயே, உறவுச் சிக்கலால் வரும் ஆசைக்குறைவுக்கு இது இல்லை என்று போட்டிருக்கிறது.

கூழாங்கல்:
பாலியல் ஆராய்ச்சி செய்யும் அமெரிக்கக் கின்சி நிறுவனத்தில் ஆய்வாளர்கள் பான்கிராஃப்ட்டும் யான்சனும் சொன்ன கணக்குப்படி ஆசைக்கு ஆக்ஸிலரேட்டர் வேறு, பிரேக் வேறு. கேட் திறக்கும் சத்தத்திலேயே தோள் இறுகிப்போகிறவளுக்குப் பூ வாங்கி வந்து என்ன பயன்? பிரேக்கை மிதித்த கால் எடுபடவில்லையே. மூன்று நாள் மௌனத்துக்குப் பயந்து தலையாட்டுவதைச் சம்மதம் என்று எழுதாதீர்கள்.

பெரும்பாலும் சொதப்புவது தம்பதி ஆலோசனையில். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் வாய் திறக்க மாட்டாள். திறந்தால் வீட்டுக்குப் போனதும் அதற்குத் தனிக் கச்சேரி. முதல் சில அமர்வுகள் அவள் மட்டும்தான்.

மல்லிகைப்பந்தல்:
"அடிக்கவா செய்றான்?" என்று கேட்கிறார்களே?

வாய்தா:
அடி வேண்டியதில்லைங்க. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 3-வது பிரிவில் பாலியல், மன, பொருளாதாரக் கொடுமையும் அடக்கம். அவள் சம்பளத்தைப் பிடுங்கி வைப்பதும் அதில் வரும். மனைவிக்கு 18 வயது ஆகிவிட்டால் கணவன் செய்வது வன்புணர்வு ஆகாது என்ற விலக்கு இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவில் இருப்பதால், வற்புறுத்தலுக்கும் இந்தக் குடும்ப வன்முறைச் சட்டம் கைகொடுக்கும்.

தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். அவர் படிவம் 1-இல் சம்பவ அறிக்கை தயாரிப்பார். அதன்பின் மாஜிஸ்திரேட்டிடம் 12-வது பிரிவு மனு. கூடவே 23-இன் கீழ் இடைக்கால உத்தரவும் கேளுங்கள், இறுதி உத்தரவு இழுத்துக்கொண்டு போகும். பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமான வரம்பு கிடையாது.

"தினமும் கொடுமை" என்று மொட்டையாக எழுதினால் நிற்காது. தேதி, நேரம், அவர் சொன்ன அதே வார்த்தை வேண்டும். அந்த நோட்டு வீட்டில் இருக்கக் கூடாது.

பெண்கள் உதவி எண் 181-ஐ அவர் சோதிக்கிற போனில் கூப்பிடாதீர்கள். அவள் கூகுள் கணக்கு அவர் போனிலும் திறந்திருந்தால் தேடியது எல்லாம் அங்கே தெரியும். அதற்காக இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினால் அவர் உஷாராகிவிடுவார். ஆதார், பாஸ்புக், சர்டிபிகேட் நகல்கள் நம்பகமான ஒருவர் கைக்குப் போகட்டும், பிறகு மாற்றலாம்.