தேவதைக் கதைப் பெண்களைப் புதிதாகப் படைத்த காமிக்ஸ்கள்: பரிந்துரை வேண்டுகிறேன்

நண்பர்களுக்கு வணக்கம். தேவதைக் கதைகளை மறுபடைப்பு செய்யும் காமிக்ஸ்களில் பெண் பாத்திரங்கள் எவ்வாறு மாறுகிறார்கள் என்பது பற்றிக் கட்டுரை ஒன்று எழுதி வருகிறேன். அதற்கு உங்கள் உதவி தேவைப்படுகிறது.

2002 முதல் 2015 வரை 150 இதழ்களாக வெளிவந்த 'ஃபேபிள்ஸ்' தொடரிலிருந்து தொடங்கியிருக்கிறேன். கண்ணாடிப் பேழைக்குள் அசையாமல் கிடந்த ஸ்னோ ஒயிட், அத்தொடரில் இளவரசனை விவாகரத்து செய்துவிட்டு, நியூயார்க்கில் மறைந்து வாழும் கதைமாந்தரின் குடியிருப்பைத் துணை மேயராக நிர்வகிக்கிறாள். தலையில் குண்டு பாய்ந்து பிழைத்த பிறகு அவள் கைத்தடி ஊன்றி நடப்பதைக் காட்டும் படங்கள் என் மனத்தை விட்டு அகலவில்லை. சிண்ட்ரெல்லாவோ காலணிக் கடை நடத்தியபடியே உளவாளியாக இயங்குகிறாள்.

எனக்குக் கிடைக்காதது ஸ்னோ ஒயிட்டின் மாற்றாந்தாயின் தரப்பு. தேவதைக் கதைகளைத் தொகுத்த ஜெர்மானியர்களான கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துணிபவள் பெற்ற தாயே. 1819 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். இந்த மாற்றம் மிக முக்கியமானது என்று கருதுகிறேன். அவளுடைய பார்வையில் விரியும் காமிக்ஸ் எதையேனும், குறிப்பாகப் பெண்கள் எழுதியோ வரைந்தோ வெளிவந்ததை, நீங்கள் படித்திருந்தால் தலைப்பையும் படைத்தவர் பெயரையும் தெரிவிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.